எத்தனால் விதிகள் குறித்து அமைச்சகத்துக்கு ஒரு கடிதம்: குடும்பக் குழு உரையாடல்

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். பெட்ரோலில் 20 சதவீதத்துக்கு மேலும் எத்தனால் கலப்பது பற்றிப் பேச்சு எழுந்திருப்பதால், விதிகள் முடிவாகும் முன்பே நம் தரப்பை எழுதி அனுப்ப வேண்டும். எதை முதலில் கேட்கலாம்?

சித்தப்பா: கால அவகாசத்தைத்தான் அண்ணா. 2023 டிசம்பர் 7 அன்று, அரவைப் பருவம் தொடங்கிய பிறகு, கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. ஒரு வாரத்தில் ஓரளவு தளர்த்தினார்கள். நவம்பரில் தொடங்கும் அடுத்த எத்தனால் ஆண்டுக்கான தடை விலகியது 2024 ஆகஸ்ட் இறுதியில்தான். சர்க்கரை உற்பத்தி சரியும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் வெட்டுக்கு நின்ற அந்தக் கரும்பின் கரணையை (விதைத் துண்டை) ஏறக்குறைய ஓராண்டுக்கு முன்பே ஊன்றிவிட்டோம். வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும் மறுதாம்பையும் சேர்த்தால் ஒரு நடவு நம்மை இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கட்டிப்போடுகிறது. எந்த மாற்றமானாலும் நடவுக்கு முன் அறிவிக்கச் சொல்லுங்கள்.

தம்பி: பணத்தையும் சேர்க்க வேண்டும் பெரியப்பா. கரும்பு கொடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. எத்தனால் வருமானம், ஆலைகள் நமக்கு வைத்திருக்கும் நிலுவையைத் தீர்க்கும் என்று சொல்லித்தான் இத்திட்டத்தை நம்மிடம் கொண்டுவந்தார்கள். ஆகவே அந்த வருமானத்திலிருந்து முதலில் கரும்புப் பணம் தரப்பட வேண்டும் என்பது விதியிலேயே இருக்கட்டும்.

அத்தை: எத்தனாலுக்குப் போகும் மக்காச்சோளத்தையும் மறந்துவிடாதீர்கள் அண்ணா. 2025-26 பருவத்துக்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் ஆதரவு விலை அறிவித்தார்கள். ஆனால் களத்துக்கு வரும் வியாபாரி மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, ஈரம் அதிகம் என்று சொல்லி விலையைக் குறைத்துவிடுகிறார். மழை மூட்டம் போட்டிருந்தால் நம்மால் மறுத்துப் பேசவும் முடிவதில்லை. அரசு நிர்ணயித்த விலையில் எத்தனாலை விற்கும் வடிசாலை, ஆதரவு விலைக்குக் குறையாமல் தானியம் வாங்க வேண்டும் என்று கேளுங்கள். தண்ணீரைப் பற்றியும் எழுத வேண்டும். கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் எடுக்கக் குறைந்தது 2,860 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது.

சித்தப்பா: அக்கா, அதை நாமே எழுதினால் கரும்பைக் குறைக்கச் சொல்வதற்கு நாமே காரணம் கொடுத்தது போலாகாதா?

அத்தை: அந்தக் கணக்கு ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது தம்பி. வற்றுவது நம் கிணறு. சொட்டுநீர் மானியத்தை எத்தனால் திட்டத்தோடு இணைக்கும்படி கேட்டால், அந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகும்.

பெரியப்பா: தங்கை சொல்வதே சரி. தண்ணீரும் கடிதத்தில் வரட்டும். பாப்பா, கருத்துத் தெரிவிக்க எவ்வளவு காலம் தருவார்கள்?

நான்: வரைவுகளைக் குறைந்தது 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்பது மத்திய அரசு 2014இல் வகுத்த கொள்கை, பெரியப்பா. ஆனால் அவசர உத்தரவுகள் அந்த வழியில் வருவதில்லை. அதனால் நடவுக்கு முன் அறிவிப்பு என்ற கோரிக்கை உத்தரவுகளுக்கும் பொருந்த வேண்டும் என்று தனியாக எழுதுகிறேன்.

பெரியப்பா: அப்படியே எழுதம்மா. அதை முதல் பத்தியாக வை. அடுத்து நிலுவை, பிறகு மக்காச்சோளம், தண்ணீர். இன்றிரவு இங்கே போட்டுவிட்டால், கையெழுத்துக்கு நாளை பக்கத்துத் தோட்டத்தாரிடமும் கொண்டுபோகிறேன்.