மலைப் புகலிடமா, மலைத்தாவளமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

மலையேறுவோர் வழியில் இரவு தங்கிச் செல்லும் கட்டடத்துக்கு நீங்கள் முன்வைத்த ‘மலைப் புகலிடம்’ என்னும் சொல்லை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் நடைக்குழுவுக்காக எழுதிவரும் கையேட்டில் பயன்படுத்திப் பார்த்தோம். பிரெஞ்சுக்காரர் சொல்லும் ‘ரெஃப்யூஜ்’ என்பதற்கு அது நேர்ப்பொருள்தான். ஆயினும், ‘முதல் நாள் இரவு மலைப் புகலிடத்தில்’ என்ற வரியைப் படித்த தோட்டத்து மாணவி ஒருத்தி, “அங்கே அகதிகள் இருக்கிறார்களா, சார்?” என்று கேட்டாள். நம் நாட்டுச் செய்தித்தாள்களில் அச்சொல் வரும் இடங்களை நினைத்தால், அவள் கேட்டதில் தவறே இல்லை.

பொருளிலும் எனக்கு ஒரு தடை உண்டு. புயலுக்கு அஞ்சி ஒதுங்கும் இடமாக இது தொடங்கியிருக்கலாம். இன்றோ பயணத் திட்டமே இதை வைத்துத்தான் அமைகிறது. நம் சபா மாநிலத்துக் கினபாலு மலையையே பாருங்கள். 1,866 மீட்டர் உயரத்திலுள்ள திம்போஹோன் வாயிலில் காலையில் புறப்பட்டு, ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் ஏறி, 3,272 மீட்டரிலுள்ள லாபான் ராத்தாவில் தங்குகிறோம்; அதிகாலை இரண்டு மணியளவில் நெற்றிவிளக்கோடு கிளம்பி, மேகம் சூழுமுன் 4,095 மீட்டர் உச்சியைத் தொட்டுத் திரும்புகிறோம். படுக்கை எந்த நாளில் கிடைக்கிறதோ அந்த நாளைப் பார்த்துத்தான் விடுப்பே எழுதுகிறோம். வாசலில் வரிசையாகக் கிடக்கும் ஈரக் காலணிகளும், சுமைதூக்குவோர் முதுகில் ஏறி வந்த அரிசியில் வடித்த சுடுசோறும் எனக்கு நினைவூட்டுவது அடைக்கலத்தை அல்ல, நாளை தொடரப்போகும் நடையை.

‘மலைக்குடில்’ என்பார் கருத்தும் கவனிக்கத்தக்கதே. சுவிஸ் ஆல்ப்ஸ் மன்றம் 1863ஆம் ஆண்டில் தோடி மலையில் கட்டிய முதல் தங்குமிடத்துக்கு அது பொருந்தும். ஆல்ப்ஸின் மோன் பிளாங் மலைக்கு ஏறும் வழியில் 3,835 மீட்டர் உயரத்தில் 2013இல் திறக்கப்பட்ட கூத்தே தங்குமிடத்துக்குப் பொருந்தாது. நூற்றிருபது பேர் படுக்கும் நான்கு மாடிக் கட்டடத்தைக் குடில் என்று எப்படி அழைப்பது? ‘சத்திரம்’ என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது; ஆனால் அதில் அறத்தின் மணம் அழுத்தமாக இருப்பதால், முன்பதிவு செய்து பணம் கட்டித் தங்கும் இடத்துக்கு ஒட்டவில்லை.

என் பரிந்துரை ‘மலைத்தாவளம்’. எங்கள் தோட்டத்திலிருந்து சபரிமலைக்குப் போய்வந்த பெரியப்பா, காட்டுக்குள் நடந்துசெல்லும் பெருவழியை விவரிக்கும்போதெல்லாம் “கரிமலை ஏறி இறங்கி, ராத்திரி பெரியானை வட்டத்துல தாவளம்” என்பார். நடை, மலை, இரவுத் தங்கல், மறுநாள் தொடர்ச்சி ஆகிய நான்கும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருந்தன. இது மலையாளச் சொல் என்று நம்மில் சிலர் மறுக்கக்கூடும். மலையாளத்தில் விமான நிலையம்வரை அது பரவியிருப்பது உண்மையே. எனினும் தமிழ் அகராதிகளிலும் தங்குமிடம் என்ற பொருளோடு அது இருக்கிறது. நாம் புழங்காமல் விட்டதை மீட்டெடுப்பதில் கூச்சம் தேவையில்லை.

இச்சொல் எளிதில் கிளைக்கவும் செய்கிறது. உணவும் ஒழுங்கும் பார்ப்பவர் தாவளக் காப்பாளர்; யாரும் பணியில் இல்லாதது ஆளில்லாத் தாவளம்; ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பல நாள் நடப்பது தாவளவழி நடை. “இன்றைக்கு எந்தத் தாவளம்?” என்று மலைச்சரிவில் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாலும் வாய் தடுமாறவில்லை; எங்கள் பிள்ளைகள் சொல்லிப் பார்த்துவிட்டார்கள்.

ஓர் இடத்தில் மட்டும் உங்கள் உதவி வேண்டும். ஆல்ப்ஸில் காப்பாளர் இறங்கிவிட்ட பனிக்காலத்தில், வருவோர் ஒதுங்குவதற்காக ஒரு சிற்றறையை மட்டும் திறந்து வைக்கிறார்கள். உங்கள் ‘புகலிட’த்திலிருந்து பிறக்கும் ‘புகலறை’ அங்கே சரியாகப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. இசைவு தெரிவித்தால், அச்சுக்குப் போகுமுன் கையேட்டில் சேர்த்துவிடுகிறேன், ஐயா.