புதுப்பிப்பு: பிளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) சேவ் கோப்புகளை பிஎஸ்5-க்கு மாற்றுவது

விளையாட்டில் நீங்கள் எட்டிய நிலையைச் சேமித்து வைக்கும் சேவ் கோப்புகளை மாற்ற, இரண்டு கன்சோலையும் ஒரே வைஃபையில் இணைத்தால் போதும் என்று முன்பு எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன்.

சிங்கப்பூரின் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பலர் ரவுட்டரை பாம் ஷெல்டருக்குள், அதாவது வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறைக்குள், வைக்கிறார்கள். தடித்த கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் சிக்னலை விழுங்கிவிடும். மாற்றம் பாதியில் நின்றுபோக அது போதும். வைஃபை இணைப்பு அப்படியே இருக்கட்டும், கூடவே இரண்டு கன்சோலையும் ஒரு லேன் கேபிளால் நேரடியாக இணைத்துவிடுங்கள்.

இரண்டிலும் ஒரே கணக்கில் நுழைந்து, மென்பொருளைப் புதுப்பியுங்கள். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சிஸ்டம் சாஃப்ட்வேர், டேட்டா டிரான்ஸ்ஃபர். கேட்கும்போது பிஎஸ்4-இன் பவர் பட்டனை 'பீப்' ஒலி வரும்வரை அழுத்துங்கள். சேவ் கோப்புகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். நம் ஊர் ஃபைபர் இணைப்பில் விளையாட்டுகளைத் திரும்ப இறக்குவதே எளிது.

பலர் தடுக்கி விழும் இடம் இதற்குப் பிறகுதான். பிஎஸ்4 சேவ், அதே விளையாட்டின் பிஎஸ்5 பதிப்பில் தானாகத் திறக்காது. அந்த விளையாட்டே அதற்கு வழி வைத்திருக்க வேண்டும். சிலவற்றில் முதலில் பிஎஸ்4 பதிப்பைத் திறந்து, அதன் மெனுவிலிருந்து சேவைப் பதிவேற்ற வேண்டும். சிலவற்றில் வழியே கிடையாது. ஆகவே ஒவ்வொன்றையும் திறந்து பார்க்காமல் பழைய கன்சோலை அழிக்கவோ விற்கவோ வேண்டாம், தயவுசெய்து.

சேவ்களை யுஎஸ்பியில் எடுக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். பிஎஸ்4 சேவ்களை எக்ஸ்ஃபாட் (exFAT) வடிவில் ஃபார்மேட் செய்த யுஎஸ்பியில் நகலெடுக்கலாம். பிஎஸ்5 சேவ்களைத் தனியாக அப்படி எடுக்க முடியாது. அவற்றுக்கு பிஎஸ் பிளஸ் (பிளேஸ்டேஷனின் கட்டணச் சந்தா) தரும் கிளவுட் சேமிப்புதான்.