499 வெள்ளி டிக்கெட்டும் கப்பலில் வந்த கணக்கும்: முதல்முறை போகும் தம்பி தங்கைகளுக்காக ஓர் அனுபவப் பகிர்வு

மன்னை நிலா:

என் தம்பிக்கு 22 வயது. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகிறது. கூடப் படித்த இரண்டு பேரோடு சிங்கப்பூர் வந்து, இங்கிருந்து நான்கு இரவு உல்லாசக் கப்பலில் மலேசியாவின் பினாங்கும் தாய்லாந்தின் புக்கெட்டும் போய்வரப் போகிறான். டிக்கெட் போட்ட அன்று ராத்திரியே போன் பண்ணி, "எல்லாம் கட்டியாச்சுக்கா, சாப்பாடும் அதுலயே வந்துடும், இனிமே ஒரு பைசா செலவில்லை" என்றான். இரண்டு வருடம் முன்னால் இதே வார்த்தையை நான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். போய்வந்த மற்றவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் அவனுக்கு அப்படியே அனுப்பிவிடுவேன்.

நான் போனதும் இதே நான்கு இரவுப் பயணம்தான். அப்போது எனக்கு வயது 24. நானும் கூட வேலை பார்க்கும் தோழியும் ஒரே அறை. விளம்பரத்தில் ஆளுக்கு 499 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், என்று இருந்தது. பணம் கட்டும் பக்கத்தில் துறைமுகக் கட்டணமும் வரியும் சேர்ந்து 620-ஐத் தாண்டியது. சரி, அது முன்னாலேயே தெரிந்த தொகை. தெரியாதது கப்பலுக்குள் இருந்தது.

ஏறும்போது கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அறைச் சாவியும் அதுதான், அடையாள அட்டையும் அதுதான், பர்ஸும் அதுதான். கடை, காபி, பார் எங்கேயும் ரொக்கம் வாங்க மாட்டார்கள். அட்டையை இயந்திரத்தில் காட்டினால் போதும், தொகை நம் கணக்கில் ஏறிவிடும். அதுவும் அமெரிக்க டாலரில். கையில் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது மனசு ஒரு நொடி தயங்குமே, அந்தத் தயக்கத்துக்கே அங்கே இடமில்லை.

கடைசி நாள் ராத்திரி பெட்டியைக் கட்டிவிட்டு, அறைத் தொலைக்காட்சியில் கணக்கைத் திறந்து பார்த்தேன். பணியாளர் சேவைப்படி ஒரு நாளைக்கு 18 டாலர், நான்கு நாளுக்கு 72. வைஃபை ஒரு நாளைக்கு 19 வீதம் 76. பினாங்கில் கப்பல்காரர்களின் சுற்றுலாவுக்கு 69. தனிக் கட்டண உணவகத்தில் ஒரு ராத்திரிச் சாப்பாடு 45. படிக்கட்டில் நிற்க வைத்து எடுத்த ஒரு போட்டோ 25. அப்புறம் காபி. ஐஸ் லாட்டே ஐந்தரை டாலர் என்றுதான் பலகையில் போட்டிருந்தது. அதன் மேல் 18 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்து ஒவ்வொன்றும் 6 டாலர் 49 சென்ட். ஏழு தடவை வாங்கியிருக்கிறேன். ஒன்பது மாடி மேலே பஃபேயில் இதே காபி இயந்திரத்தில் நாள் முழுக்க இலவசமாக வந்துகொண்டிருந்தது.

எல்லாம் சேர்த்து 332 டாலர். அன்றைய மதிப்பில் கிட்டத்தட்ட 430 வெள்ளி. இன்னொரு டிக்கெட்டின் காசு. அந்த மாதம் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பணத்தில் பாதிதான் அனுப்ப முடிந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பயணம் அருமையாக இருந்தது, அதில் சந்தேகமே இல்லை. விடிகாலையில் மலாக்கா நீரிணையில் மீன்பிடிப் படகுகளின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதை மேல்தளத்தில் நின்று பார்த்தேன். அதற்குக் காசே இல்லை. இரவு நாடகம், நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், பெரிய உணவறையில் உட்கார வைத்துப் பரிமாறும் சாப்பாடு எல்லாமே டிக்கெட்டில் அடக்கம். ஏறும்போதே எது அடக்கம், எது இல்லை என்று கேட்டிருந்தால் பாதிச் செலவு மிஞ்சியிருக்கும்.

தம்பிக்கு இன்னொன்று. மூன்று பேர் ஒரே அறை என்றால் மூன்றாவது ஆளுக்கு டிக்கெட் பெரும்பாலும் குறைவாக வரும். ஆனால் துறைமுகக் கட்டணமும் சேவைப்படியும் மூன்று பேருக்கும் ஒரே மாதிரிதான்.

பினாங்குக்காரன்:

தங்கச்சி, அந்த 69 டாலரைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. நான் பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரிலேயே பிறந்து வளர்ந்தவன். கப்பல் வந்து நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை ஊருக்கு வெளியே எங்கேயோ இல்லை, ஊரின் வாசலிலேயே இருக்கிறது. வெளியே வந்தால் கார்ன்வாலிஸ் கோட்டை தெரியும். அங்கிருந்து பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. லெபோ என்றால் தெரு. லெபோ பசாரில் நுழைந்த உடனே பூ வாசமும் நம் பாட்டுச் சத்தமும் வரும். லெபோ குவீனில் 1833-ல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். பக்கத்தில் லெபோ பினாங்கில் நகரத்தார் வட்டித் தொழில் செய்த கிட்டங்கிகள் இருந்த இடத்தையும் பார்க்கலாம்.

தோசையும், இழுத்து ஆற்றித் தரும் தே தாரிக் டீயும் பத்து மலேசிய ரிங்கிட்டுக்குள் முடிந்துவிடும். ஊருக்குள் சுற்றிவர கேட் (CAT) என்ற இலவசப் பேருந்து ஓடுகிறது. நீர்மேல் கால்நட்டு நிற்கும் சீனக் குலத்தவர் வீடுகளையும், ஆர்மீனியன் தெருவின் சுவர் ஓவியங்களையும் நடந்தே பார்க்கலாம். தூரமாகக் கெக் லோக் சி கோயிலுக்குப் போக வேண்டுமானால் மூன்று பேர் சேர்ந்து கிராப் செயலியில் வாடகைக் கார் பிடியுங்கள். இந்த ஊருக்குச் சுற்றுலா வண்டி தேவையே இல்லை. கொஞ்சம் ரிங்கிட் சில்லறை மட்டும் கையில் இருக்கட்டும்.

கப்பலில் மூன்று ஒப்பந்தம்:

சேவைப்படி பற்றி நானும் பேச வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் எனக்கு ஊர். கரீபியன் பக்கம் ஓடும் கப்பலில் அறை கவனிக்கும் வேலையில் மூன்று ஒப்பந்தம் முடித்தேன். ஒரு ஒப்பந்தம் என்றால் எட்டு மாதம். அதில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2006 வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு கொடு என்கிறது. வாரத்தில் மொத்தமே 168 மணி நேரம். மீதியைக் கழித்துப் பாருங்கள்.

எனக்கு 16 அறைகள். பயணம் முடிகிற காலையில் ஏழு மணிக்குப் பழைய ஆட்கள் இறங்கத் தொடங்கினால், மதியம் ஒரு மணிக்குப் புது ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள். அதற்குள் 16 கட்டிலுக்கும் விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி, துண்டில் யானையோ குரங்கோ மடித்து வைக்க வேண்டும். அந்தத் துண்டு யானை குழந்தைகளுக்காக. அதைப் பார்த்து ஒரு குழந்தை சிரித்தால் எங்களுக்கும் அன்றைக்குப் பொழுது நல்ல பொழுது.

பயணிகளின் கணக்கில் தினமும் ஏறுகிற அந்த 16, 18, 20 டாலர், அறை பார்க்கிறவர், மேசையில் பரிமாறுகிறவர், அவர்களுக்குப் பின்னால் கண்ணுக்கே தெரியாமல் வேலை செய்கிறவர் எல்லோருக்கும் பிரித்துப் போகும். எங்கள் வருமானத்தில் பெரிய பங்கு அதுதான். வரவேற்பு மேசையில் கேட்டால் அதை எடுத்துவிடும் வழி பல கப்பல்களில் உண்டு. காசு மிச்சம் பண்ணுங்கள் என்று சொல்லித்தருகிற பலர் முதலில் சொல்வது இதைத்தான். தம்பி, காபியைக் குறை, போட்டோவைக் குறை, இதில் மட்டும் கை வைக்காதே. டிக்கெட் போடும்போதே இதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடு. அப்போது கடைசி நாள் பார்த்து வருத்தம் வராது. பானங்களின் மேல் போடும் 18 சதவீதம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உள்ளே இருந்து பார்த்த இன்னொன்று. நாளுக்கு ஒரே விலை கட்டிவிட்டால் பானங்களுக்குத் தனியாகக் காசு வேண்டாம் என்கிற பான பேக்கேஜை முதல் நாள் மதியம் சிரித்துக்கொண்டே விற்பார்கள். மது பேக்கேஜ் என்றால் அறையில் ஒருவர் எடுத்தால் கூட இருக்கிற பெரியவர்கள் எல்லோரும் எடுக்க வேண்டும் என்ற விதி நிறைய கப்பல்களில் இருக்கிறது. கரையில் இறங்கிச் சுற்றுகிற நாளுக்கும் அதற்குக் காசு கட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு கோப்பை குடிக்கிறவர்களுக்கே அது கட்டுபடியாகும். குடிக்காத பிள்ளைகளுக்கு எந்தக் கணக்கிலும் ஒத்துவராது. தண்ணீர், சாதாரண டீ, காபி, காலையில் பழச்சாறு எல்லாம் பஃபேயில் இலவசம்.

கோவை மாணவன்:

என் அனுபவம் டெபிட் கார்டு. கப்பல் அட்டையோடு என் டெபிட் கார்டை இணைத்திருந்தேன். செலவு ஆகுமோ இல்லையோ, கப்பல்காரர்கள் தினமும் ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்து வைத்துவிடுகிறார்கள். உண்மையான பில் தனியாகப் போனது. பிடித்து வைத்த பணம் வங்கிக்குத் திரும்ப ஒன்பது நாள் ஆனது. சிங்கப்பூரில் இறங்கி எம்ஆர்டி ரயில் அட்டைக்குப் பணம் ஏற்றப் போனால் கணக்கில் இருப்பு இல்லை. கூட வந்த நண்பன்தான் கொடுத்தான். கிரெடிட் கார்டு இல்லாதவர்கள் வரவேற்பு மேசையில் ரொக்கமாக முன்பணம் கட்டலாம். மிச்சத்தைக் கடைசியில் கையில் கொடுத்துவிடுவார்கள். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது. முன்பணம் தீர்ந்தால் அட்டை நின்றுவிடும் என்பதால் அதுவே ஒரு கட்டுப்பாடும் கூட.

நம்மூர் கார்டு என்றால் டாலர் பில்லின் மேல் வங்கி ஒரு கூடுதல் சதவீதம் போடும். அதையும் வங்கியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ரேவதி அம்மா:

கப்பல் நகர்ந்ததும் போனை விமானப் பயன்முறையில் போட்டுவிடச் சொல்லுங்கள் கண்ணு. கரை மறைந்ததும் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கை போன் தானாகப் பிடித்துக்கொள்ளும். மலேசியா, தாய்லாந்துக்கு வாங்கிய ரோமிங் பேக் அதற்குச் செல்லாது. என் மகன் ராத்திரி போனை அப்படியே தலைமாட்டில் வைத்துத் தூங்கிவிட்டான். அது பாட்டுக்கு மெயில் இறக்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாத பில்லில் ஒன்பதாயிரம் ரூபாய்.

தனியாகப் போனவள்:

ஒருவர் மட்டும் போக நினைக்கிறவர்களுக்கு: விளம்பர விலை எல்லாமே இரண்டு பேர் ஓர் அறையைப் பகிர்வார்கள் என்று வைத்துப் போட்டது. தனியாளாக எடுத்தால் இரண்டு டிக்கெட்டுக்கு நெருக்கமாக வரும். 2010-ல் வந்த நார்விஜியன் எபிக் மாதிரி சில கப்பல்களில் தனியாளுக்கென்றே சின்ன அறைகள் கட்டியிருக்கிறார்கள். எல்லாக் கப்பலிலும் இல்லை. நான் முழு இரட்டிப்புக் கட்டித்தான் போனேன். அந்த நான்கு நாள் அமைதி எனக்குத் தேவைப்பட்டது, வருத்தமில்லை.

செராங்கூன் செல்வம்:

புக்கெட்டில் நேரத்தைக் கவனியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். அங்கே பாத்தோங் கடற்கரையில் கப்பல் கரைக்கு வராது, நடுக்கடலில் நிற்கும். சின்னப் படகில் கொண்டுவந்து விடுவார்கள். நாங்கள் போன கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது. தாய்லாந்து நேரம் அதைவிட ஒரு மணி பின்னால். கரையில் கால் வைத்ததும் போன் தாய்லாந்து நேரத்துக்கு மாறிக்கொண்டது. நாங்கள் மணி 3.20 என்று நிதானமாக மாம்பழச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் மனைவி கட்டியிருந்த பழைய கைக்கடிகாரத்தில் 4.20. கடைசிப் படகு 4.30. மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினோம்.

அந்தப் படகை விட்டிருந்தால் கப்பல் காத்திருக்காது. சொந்தக் காசில் விமானம் பிடித்து வர வேண்டியதுதான். கப்பல்காரர்களின் சுற்றுலாவில் போய்த் தாமதமானால் அது அவர்கள் பொறுப்பு. அதனால் நான் பினாங்கில் நடப்பேன், புக்கெட்டில் தூரத் தீவுக்குப் போவதானால் கப்பல் சுற்றுலாவுக்கே காசு கொடுப்பேன்.

நர்ஸ் அக்கா:

பயணக் காப்பீடு இல்லாமல் ஏறாதீர்கள். அதில் கப்பல் பயணமும் அடக்கமா என்று கேட்டு எடுங்கள். ஊரில் இருக்கும் மருத்துவக் காப்பீடு கப்பல் மருத்துவமனையில் பொதுவாகச் செல்லாது. என் தங்கை மகளுக்கு இரண்டாம் நாள் வாந்தி நிற்கவில்லை. டாக்டர் பார்த்து, ஒரு பாட்டில் டிரிப் ஏற்றி, மாத்திரை கொடுத்ததற்கு 380 டாலர் அட்டையில் ஏறியது. 40 வெள்ளிக்கு எடுத்த காப்பீடு அதைத் திருப்பிக் கொடுத்தது. கடல் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் குமட்டலுக்கான மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கப்பல் ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் அவ்வளவாகக் கேட்காது.

திருச்சி பாலு:

எல்லோரும் கப்பலுக்குள் நடந்ததைச் சொல்கிறீர்கள். எங்கள் குழுவில் ஒருவன் கப்பலிலேயே ஏறவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் பினாங்குக்குக் கிளம்பும்போதே சிங்கப்பூரை விட்டு வெளியேறியதாகத்தான் கணக்கு. திரும்பும்போது மறுபடி உள்ளே நுழைய வேண்டும். அதற்குப் பலமுறை நுழைவு விசா வேண்டும். அவன் கையில் இருந்தது ஒருமுறை நுழைவு. மரினா பே முனையத்தில் கவுண்டரில் அதைப் பார்த்ததும் ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் ஏறிவிட்டோம், அவன் பெட்டியோடு கண்ணாடிக்கு அந்தப் பக்கம். டிக்கெட் காசு முழுதும் போனது. விடுதிக்கும் ஊர் திரும்பும் விமானத்துக்கும் மேற்கொண்டு செலவு.

இன்னொன்று, போகும் முன் இணையத்தில் நிரப்ப வேண்டிய மலேசியாவின் மின்னணு வருகை அட்டையும் சிங்கப்பூரின் எஸ்ஜி வருகை அட்டையும் இலவசம். அதற்குக் காசு கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் அது அரசின் தளம் இல்லை.

மன்னை நிலா:

எல்லோருக்கும் நன்றி. தூத்துக்குடி அண்ணே, நீங்கள் எழுதியதைத் தம்பிக்குப் படித்தே காட்டினேன். சேவைப்படியை மூன்று பேரும் இப்போதே தனியாக எடுத்து வைக்கிறார்களாம். பினாங்கில் நடை, புக்கெட்டில் கைக்கடிகாரம், வைஃபை வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

பாலு அண்ணா சொன்னதும் தம்பியை விசா நகலை அனுப்பச் சொன்னேன். மூன்று பேரில் இரண்டு பேருக்குப் பலமுறை நுழைவு. தம்பியுடையது ஒருமுறை நுழைவு. கப்பலுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. விசா முகவர் காலையில் பத்து மணிக்குத்தான் கடை திறப்பாராம். திறந்ததும் வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.