நடுங்காமல் பிறக்கும் வெப்பத்துக்கு என்ன பெயர்?

நுவரெலியாவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், தை மாதத்தில் தேயிலைக் கொழுந்தின் மீது உறைபனி படியும் இப்பகுதித் தோட்டங்களில் பணியாற்றும் மருத்துவ மாதருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியுள்ளது. குளிர்பட்டதும் பெரியவர்களின் தோலிலுள்ள குருதிக்கலன்கள் சுருங்குகின்றன. அது போதாதபோது, மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியான பரிவகக்கீழ், தசைகளை நடுங்கச் செய்து வெப்பத்தை உண்டாக்குகிறது. பிறந்த குழந்தையால் அவ்வாறு நன்கு நடுங்க முடியாது. தோள்பட்டை எலும்புகளுக்கிடையிலும் கழுத்திலும் சிறுநீரகங்களைச் சூழ்ந்தும் உள்ள கபிலக் (பழுப்பு நிறக்) கொழுப்பை எரித்தே அது சூடு பெறுகிறது. இதற்கு ‘நடுக்கமற்ற வெப்பவாக்கம்’ என்று எழுதியுள்ளேன். இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

கண்டியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
நடுக்கம் அச்சத்துக்கும் முதுமைக்கும் பொதுவானது. ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்’ என்று தொல்காப்பிய உரியியல் சொல்லியிருக்க, விதிர்ப்பைக் கைவிடுவானேன்? ‘விதிர்ப்பில் வெப்பாக்கம்’ என்பது சுருக்கமாகவும் அமையும். ‘வெம்மையாக்கம்’ மட்டும் வேண்டாம். ‘வெம்மை வேண்டல்’ என்று அதே உரியியல் கூறுவதால், அது விருப்பத்தை உண்டாக்குதல் என்றாகிவிடும். நம் மக்கள் சொல்லும் கூதல், ஐப்பசி, கார்த்திகைக்குரிய கூதிரோடு உறவுடையது என்பது என் நெடுநாள் கருத்து. அதை விரிவாகத் தனிமடலில் எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து, உயிரியல் ஆசிரியை:
ஐயா, ‘விதிர்ப்பில்’ என்பதை என் மாணவர்கள் ‘விதிர்க்கும்போது’ என்றே படிப்பார்கள். ஈற்றிலுள்ள ‘இல்’ வேற்றுமை உருபா, இன்மைப் பொருளதா என்பதை எழுத்து காட்டாது, கருத்து நேர்மாறாகிவிடும். ‘நடுக்கமில்’ என்றால் அந்த இடர் இல்லை. வேற்றுமையாயின் அத்துச் சாரியை பெற்று ‘நடுக்கத்தில்’ என்றல்லவா வரும்?

பண்டாரவளையிலிருந்து, மருத்துவர்:
என் கவலை வேறு. நடுக்கமில் என்ற தலைப்பைக் காணும் ஒருவர், நடுங்காத குழந்தைக்குக் குளிரவில்லை என்று முடிவு செய்துவிடக்கூடும். உடல் வெப்பநிலை 36.5 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கிய சிசு, அழக்கூட வலுவின்றி உறங்குவதுபோல் கிடக்கலாம். ஆகவே இல்லாததைச் சொல்லும் பெயரை விட்டு, எரிவதைச் சொல்லும் ‘கொழுப்பெரி வெப்பம்’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

ஹட்டனிலிருந்து, உயிரியல் ஆசிரியை:
கருத்து சரி, டொக்டர். ஆனால் கொழுப்பெரி என்றதும் உடல் மெலிய விற்கும் மாத்திரையே நினைவுக்கு வருகிறது. கபிலம் என்ற அடையைச் சேர்த்தால் நீண்டுவிடும்.

நுவரெலியாவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
அச்சகத்தார் இருமுறை அழைத்துவிட்டனர். பொருள் மயக்கம் இல்லாததால் ‘நடுக்கமில் வெப்பவாக்கம்’ என்றே அனுப்புகிறேன். மருத்துவரின் எச்சரிக்கைக்காக, ‘குழந்தை நடுங்காவிட்டாலும் குளிர்ந்திருக்கலாம், வெப்பமானியால் அளந்து, தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து, இருவரையும் போர்த்துக’ என்ற வரியைத் தடித்த எழுத்தில் சேர்த்துள்ளேன்.

கண்டியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
விதிர்ப்பை அடைப்புக்குறிக்குள்ளாவது இடலாமே?