காதுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் "கேட்டதா"?

சிங்கப்பூர், ஈசூன் குடும்ப மருத்துவர்:
பாலர் பள்ளிப் பிள்ளைக்கு நடுக்காதில் தொற்று. அமாக்ஸிசிலின் கொடுத்த மறுநாளே வலி போய்விடும். "மருந்து நல்லாக் கேட்டுச்சு டாக்டர்" என்பார்கள். ஆன்டிபயாடிக் கொடுக்காவிட்டாலும் பத்தில் ஆறு பிள்ளைகளுக்கு 24 மணி நேரத்தில் வலி விட்டுவிடும். தானாக ஆறும் நோயில் சுமாரான மருந்தும் சூரனாகத் தெரியும். அதனால் இரண்டு ஆன்டிபயாடிக்கை ஒன்றோடொன்று வைத்து "இதுவும் அதற்குச் சளைத்ததல்ல" என்று முடிக்கும் ஆய்வை நான் காது, சைனஸ் விஷயத்தில் அவ்வளவாக நம்புவதில்லை. டெலித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அப்படிப்பட்ட ஆய்வை வைத்தே அமெரிக்காவில் 2004இல் சைனஸுக்கும் அனுமதி கிடைத்தது. கல்லீரல் பாதிப்பு வெளிவந்ததும் 2007 பிப்ரவரியில் அந்தச் சைனஸ் அனுமதியை எடுத்துவிட்டு, நிமோனியாவுக்கு மட்டும் விட்டுவைத்தார்கள்.

பார்க்க வேண்டியது 48 முதல் 72 மணி நேரம். அதற்குள் காய்ச்சலும் வலியும் இறங்காமல், செவிப்பறை புடைத்தே இருந்தால் மருந்தை மாற்றலாம். காது மந்தமாக இருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்; உள்ளே தேங்கிய நீர் வடியச் சில வாரம்கூட ஆகும்.

செங்காங் மருந்தாளர்:
மருந்தைக் குறை சொல்லுமுன் போத்தலைப் பாருங்கள். கோ-அமாக்ஸிகிளாவ் 457 சிரப்பில் 5 மில்லிக்கு அமாக்ஸிசிலின் 400 மில்லிகிராம்தான், மீதி 57 கிளாவுலனேட், அதாவது கிருமி அமாக்ஸிசிலினை அழித்துவிடாமல் தடுக்கும் துணைமருந்து. 12 கிலோ பிள்ளைக்கு, கிலோவுக்கு நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால் மொத்தம் 1080. இரண்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 540, அதாவது 6.75 மில்லி. கணக்கை 457இல் போட்டால் 6 மில்லிக்குக் கீழே இறங்கிவிடும். ஆனால் அமாக்ஸிசிலினும் கிளாவுலனேட்டும் 7:1 விகிதத்தில் உள்ள இந்தச் சிரப்பில் இவ்வளவு உயர் அளவு கொடுத்தால் கிளாவுலனேட்டும் கூடி வயிற்றோட்டம் வரும். 14:1 சிரப் கிடைத்தால் அதுதான் சரி.

போத்தலில் உள்ள சிரப் தூளைத் தட்டி உதிர்த்து, ஆறவைத்த தண்ணீரைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கிய பிறகே கோடுவரை நிரப்ப வேண்டும். நுரையைத் தண்ணீர் என்று நினைத்தால் மருந்து கெட்டியாகிவிடும். குளிர்பெட்டியில் 7 நாள்தான் தாங்கும். மேசையில் விட்டால் நம்மூர் வெப்பத்தில் முதலில் கெடுவது கிளாவுலனேட். மாத்திரையையும் முன்கூட்டியே உறையிலிருந்து பிரித்து டப்பாவில் போடாதீர்கள், ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

காது மூக்கு தொண்டைத் தாதி:
நீச்சல் குளத்து வெளிக்காதுத் தொற்றுக்குப் பெரும்பாலும் சொட்டு மருந்தே போதும், மாத்திரை தேவையில்லை. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் ஜென்டாமைசின் சொட்டு கூடாது, உள்காதைக் கெடுக்கும், சிப்ரோஃப்ளாக்ஸசின் பரவாயில்லை. புட்டியைக் கையில் வைத்துச் சூடாக்காமல் சொட்டைக் காதில் விட்டால் தலைசுற்றும்.

ஈசூன் குடும்ப மருத்துவர்:
தொண்டையையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ரெப் கிருமிக்கு இன்றுவரை பென்சிலின் எதிர்ப்பு வரவில்லை, அதற்குக் கிளாவுலனேட் வீண். சாதாரண பென்சிலின் 10 நாள். இளவயதினருக்கு டான்சில் வெள்ளை பூத்து, கழுத்தின் பின்பக்கமும் நெறிகட்டியிருந்தால் வைரஸால் வரும் சுரப்பிக் காய்ச்சலா (glandular fever) என்று யோசியுங்கள். அதற்கு அமாக்ஸிசிலின் கொடுத்தால் உடம்பெல்லாம் தடிக்கும். அதை "பென்சிலின் ஒவ்வாமை" என்று பதிந்துவிட்டால் ஆயுசுக்கும் அந்த நல்ல மருந்து கிடைக்காமல் போகும். எத்தனையாவது நாள் தடித்தது, அரிப்பு இருந்ததா, மூச்சு வாங்கியதா என்று எழுதி வைத்திருங்கள், பலதுறை மருந்தகத்தில் காட்டலாம்.