புதுப்பிப்பு: முதல் கூட்டத்துக்குக் கிளம்பும் முன்

குடியை விட உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைத் தேடுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். படித்தவர்களில் சிலர், போனபோது கதவு பூட்டியிருந்தது என்கிறார்கள். குழுக்கள் இடமும் நேரமும் மாற்றும்; பட்டியல் பழசாகவே நிற்கும். அன்றைக்கே உதவி எண்ணில் கேட்டு உறுதி செய்யுங்கள். இணையக் கூட்டமென்றால் எந்த நாட்டு நேரம் என்று பாருங்கள்.

திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடிய கூட்டம், குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். மனைவியோ அண்ணனோ துணைக்கு வந்தால் திறந்த கூட்டமே சரி. குடும்பத்தாருக்கென அல்-அனான் தனியாக உண்டு. கட்டணம் கிடையாது. காணிக்கைப் பை சுற்றி வரும், போட்டாக வேண்டுமென்பதில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டும் இருக்கலாம்.

இதை மட்டும் தயவுசெய்து கவனியுங்கள். தினமும் நிறையக் குடித்தவர் சட்டென நிறுத்தினால், கடைசிக் குடியிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களில் மனக்குழப்பம், இல்லாதது தெரிவது, கடும் காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கிவிட்டால் முதலில் மருத்துவமனை, கூட்டம் அப்புறம். நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்ப்பது இன்னும் நல்லது.

ஒரு குழு ஒட்டவில்லையா? வேறு குழுவுக்குப் போங்கள். ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.