ரோபோ கதைக்கு பொக்லைன் ஓட்டுபவர்கள் உதவி வேண்டும்

வணக்கம், செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஒரு காமிக்ஸ் எழுதி வருகிறேன். ஆரியங்காவு கணவாய் வழியாக இறங்கும் பூதங்களை ஒரு தனியார் கம்பெனியின் ராட்சத ரோபோ தடுக்கிறது. உள்ளே நான்கு பேர். வலது காலை ஓட்டுபவரும் இடது காலை ஓட்டுபவரும் பேசி மூன்று மாதமாகிறது. ஒரு பூதத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி, அதிலும் பாதி பாக்கி. அதனால் யாராலும் விலக முடியவில்லை. அவர்கள் மேல் எனக்கு அவ்வளவு பாசம்.

சிக்கல் எடையில். ரோபோவின் உயரம் 2 மடங்கானால் எடை 8 மடங்காகும், பாதத்தின் பரப்போ 4 மடங்குதான். அப்புறம் மழைக்கால மலைமண் வேறு. பொக்லைன் ஓட்டும் அண்ணன்மார் சொல்லுங்கள்: வண்டி புதையப் போவது முதலில் எப்படித் தெரியும்? அப்போது கீழே நிற்பவரிடம் என்ன சொல்லிக் கத்துவீர்கள்? மலையாளம் கலந்திருந்தாலும் அப்படியே எழுதுங்கள்.